வாய் ஒட்டப்பட்டிருந்த படம்

அந்த வீட்டில் எல்லாப் படங்களும் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்பக்கம், துவைக்கும் மெஷினுக்கு மேலே, முதுகை வெளியே காட்டியபடி, நான்கு மூலையிலும் நீளத் திருகாணி இறுக்கி அதை மாட்டியிருந்தார்கள். மாட்டியிருந்தார்கள் என்பதுகூடச் சரியில்லை. கட்டிவைத்திருந்தார்கள்.

சுஜீதன் செத்தவர்களின் வீடுகளைக் காலி செய்கிறவன். மகேந்திரராஜா அண்ணையின் ட்ரக், அவனுடைய முதுகு, இரண்டும் சேர்ந்ததுதான் அந்தத் தொழில். கிளிநொச்சி அரிசி ஆலையில் மீசை முளைக்குமுன்னே மூட்டை ஏறிய முதுகு அது. மெல்பேர்னில் அதில் பியானோவும் ஃப்ரிட்ஜும் ஏறின. செத்த வீட்டில் அவனுக்குப் பயம் என்று ஒன்று இருந்ததில்லை. கட்டிலடியில் பல்செட் கிடக்கும், அலமாரியில் ஒருவரும் போடாத குழந்தைச் சட்டை தொங்கும். எல்லாம் பாரம். பாரத்துக்குப் பயந்தால் அடுப்பு எரியாது.

திருகாணிகளைக் கழற்றிப் படத்தைத் திருப்பினான். கண்ணாடி நெடுக்க வெடித்திருந்தது. உள்ளே பேனா மையால் கீறி, மேலே மெல்லிய நிறம் கரைத்துவிட்ட ஒரு மனிதனின் முகம். அகன்ற நெற்றி. காற்றில் கலைந்த தலைமயிரை ஒவ்வொரு இழையாகக் கீறியிருந்தார்கள். தோளில் கட்டம் போட்ட கம்பளி, சட்டைக் கழுத்தடியில் முள்ளுப்பூ ஒன்று. எல்லாவற்றையும் கீறியவன் கண்ணை மட்டும் கீறவில்லை, அங்கே எப்படியோ கொண்டுவந்து வைத்துவிட்டான் என்று சுஜீதனுக்குப் பட்டது. வாயைக் காணவில்லை. கண்ணாடிக்கு உள்ளே, தாளின் மேலேயே, மஞ்சள் டேப்பை ஒன்றன்மேல் ஒன்றாகத் தடிக்கத் தடிக்க ஒட்டி வாயை மூடியிருந்தார்கள்.

செத்த கிழவியின் பெறாமகள், கூடப்பிறந்தவளின் பிள்ளை, முற்றத்தில் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றாள். மகேந்திரராஜா போய் விசாரித்துவிட்டு வந்தார். அது ஸ்கொட்லாந்துக் கவிஞர் ஒருவராம். பெயரையும் சொன்னார், சுஜீதனின் வாயில் அது நிற்கவில்லை. அந்த ஊர்ச் சனம் தங்கள் பாஷையைத் தாங்களே வெட்கப்பட்டு மாட்டுக்கொட்டிலுக்குள்ளும் குசினிக்குள்ளும் ஒளித்துவைத்திருந்த காலத்தில், குற்றுயிராய்க் கிடந்த அந்தப் பாஷையில் எழுதி, அதைத் திரும்ப எழுந்து நடக்கவைத்த மனிதராம். கிழவி அங்கிருந்து கொண்டுவந்த படம். கிழவி கடைசி வருடங்களில் ஒருவரோடும் ஒரு சொல் கதைக்கவில்லையாம். பெறாமகள் படத்தைத் திரும்பிப் பார்க்கவே இல்லை, குப்பையில் எறியச் சொல்லிவிட்டாள்.

"சாகக் கிடந்த பாஷையைக் கதைக்கவைச்ச மனுசன்," என்றார் மகேந்திரராஜா. "எங்கட தமிழ் வாத்தியார் நல்லாக் கதைச்சுக்கொண்டு திரிஞ்ச பாஷையையே சாகடிச்சவர்."

சுஜீதன் சிரித்தான். ஆனால் அந்தச் சொல் அவனுக்குள் போய் ஒட்டிக்கொண்டது. கதைக்கவைத்த மனுசன்.

அவனுடைய மகள் யாமினிக்கு ஐந்து வயது ஆகப்போகிறது. இன்னும் ஒரு சொல் பேசவில்லை. காது நன்றாகக் கேட்கிறது என்றார்கள். மூளையிலும் குறையில்லை என்றார்கள். பேச்சுப் பயிற்சிக்காரி கிழமைக்கு ஒருமுறை பொம்மையைக் காட்டிப் பெயரைச் சொல்லுவாள், யாமினி பொம்மையைப் பார்ப்பாள், அவளைப் பார்ப்பாள், அவ்வளவுதான். வீட்டில் தமிழை விட்டு இங்கிலிஷ் கதையுங்கள் என்றார் ஒருவர். விடாதீர்கள் என்றார் இன்னொருவர். மெல்பேர்னின் வடக்கு ஓரத்தில் அவர்கள் இருந்த கிரெய்கிபர்னில் புதிதாக முளைத்த வீடுகளில் மற்றப் பிள்ளைகள் வேலிக்கு வேலி கத்திக்கொண்டு ஓடும்போது யாமினி கண்ணாடிக் கதவில் உள்ளங்கையை ஒட்டிக்கொண்டு நிற்பாள். வேலைக்குப் போகும் வழியெல்லாம் சுஜீதன் ஒரு பதிலைப் பாடமாக்கி வைத்திருந்தான். அவள் என்றைக்காவது அப்பா என்று கூப்பிட்டால் சொல்வதற்கு: ஓம் ராசாத்தி, சொல்லு. ட்ரக்கில் தனியே இருக்கும்போது அதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்ததும் உண்டு.

படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தான். கராஜில் வைத்து வெடித்த கண்ணாடியை எடுத்து எறிந்தான். டேப்பில் யூக்கலிப்டஸ் எண்ணெயைத் தடவி, ஊறவிட்டு, தாள் கிழியாமல் ஒவ்வொரு பட்டியாக உரித்தான். கடைசிப் பட்டியின் அடியில் வாய் இருந்தது. மூடிய வாய். ஒரே ஒரு கோடு.

நவராத்திரி தொடங்கியிருந்தது. சாமியறையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் யாமினியின் படப்புத்தகங்கள் அடுக்கியிருந்தன. சுஜீதன் அந்தக் கவிஞரைச் சரஸ்வதிக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தான். மனைவி லக்சிகா வாசலில் நின்று பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, ஆரெண்டு தெரியாத செத்த மனுசனைச் சாமியறையிலயோ வைக்கிறது?"

"எழுத்துக்காரன் தானே. சரஸ்வதியின்ர ஆள்."

"சரஸ்வதியின்ர ஆள் எண்டால் அந்தக் கிழவி ஏன் வாயை ஒட்டினவ?"

பிள்ளைக்காகத்தான் என்று சொன்னான். அந்தச் சொல்லுக்குமேல் அவளும் வாதாடவில்லை.

விஜயதசமி வேலைநாள். காலையில் செய்ய முடியாததைப் பின்னேரம் செய்தார்கள். தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி, யாமினியின் விரலைப் பிடித்து அதில் 'அ' எழுதினான். பிறகு தேன். எதையும் முதலில் சாமிக்குக் காட்டிவிட்டுத்தான் பிள்ளைக்குக் கொடுப்பது. சரஸ்வதிப் படத்தின் கண்ணாடியில் ஒரு பொட்டுத் தேனைத் தொட்டுவைத்தான். கை அங்கே நிற்கவில்லை. பக்கத்தில் இருந்தவரை விட்டுவிட்டால் குறையாகிவிடும் என்று எண்ணி, அவர் வாயிலும் தேனைத் தடவினான். அந்தப் படத்தில் கண்ணாடி இல்லை.

தேன் வழியவில்லை. கறையும் படவில்லை. வெயிலில் காய்ந்த மண்ணில் விழுந்த தண்ணீர் மாதிரி உள்ளே போய்விட்டது.

அதே விரலால் யாமினியின் நாக்கில் தேனைத் தொட்டான். மிச்சத்தை லக்சிகா அவன் விரலிலிருந்து வழித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். பிரசாதத்தைக் கீழே விடக் கூடாது. அவனுக்கும் ஒரு சொட்டுக் கொடுக்க வந்தாள். அவன் காலையிலிருந்து வயிறு சரியில்லை என்று மறுத்துவிட்டான்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது வடக்குப் புல்வெளியிலிருந்து காற்று எழும்பி, பலகையும் பிளாஸ்டரும் மட்டுமே ஆன அந்தப் புது வீட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அழுத்த, கூரைக்குள் எங்கோ ஒரு தகடு படபடத்துக்கொண்டிருக்க, அந்த எல்லாச் சத்தத்துக்கும் அடியில் இன்னொரு சத்தம் இருப்பது சுஜீதனுக்குக் கேட்டது. பூனை பால் குடிக்கிற மாதிரி. மெதுவாக, ஈரமாக, அவசரமில்லாமல். சாமியறைப் பக்கம். அவர்கள் வீட்டில் பூனை இல்லை.

அந்தக் கிழமை முடியுமுன் யாமினி பேசினாள்.

அவன் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். கண்ணாடிக் கதவில் கையை ஒட்டி நின்ற பிள்ளையின் வாயிலிருந்து ஒரு நீள வசனம் வந்தது. திக்காமல், தடுமாறாமல். தமிழ் இல்லை. இங்கிலிஷும் இல்லை. தொண்டையின் அடியிலிருந்து கரடுமுரடாகக் காறிவரும் ஒலிகள், நாக்கை உருட்டி உருட்டி அடிக்கும் ரகரங்கள், நடுவே ஒரு தாலாட்டு இழுவை. லக்சிகா முழங்காலில் விழுந்து பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவனும் அழுதான். எந்தப் பாஷை என்று அப்போது யார் பார்த்தது? வாய் திறந்துவிட்டது. மற்றதெல்லாம் வரும்.

லக்சிகாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அங்கே ஸ்கொட்லாந்துக் கிழவர் ஒருவர் இருந்தார். யாமினி பேசியதை ஃபோனில் பதிந்து கொண்டுபோய் அவருக்குப் போட்டுக் காட்டினாள். கிழவர் முதலில் சிரித்தாராம், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். தன் பாட்டனுடைய தோட்டத்தில் வேலை செய்தவர்கள் கதைத்த பாஷை, அதிலும் பழையது, இப்படி ஒருவர் கதைத்துக் கேட்டு எத்தனையோ காலம் என்றாராம். என்ன சொல்கிறாள் என்று லக்சிகா கேட்டாள். அவர் இன்னொரு தரம் கேட்டார். பிறகு ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"தேன் நல்லா இருந்ததாம்," என்றாள் லக்சிகா, வீட்டுக்கு வந்து. "இந்த வீட்டில இன்னும் ஒரு வாய் மிச்சம் இருக்காம்."

சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். குசினியில் நின்று அவனைக் கூப்பிட்டாள். அலமாரியைக் காட்டினாள். வாயைத் திறந்தாள். கை ஏதோ ஒன்றைப் பிடிக்கிற மாதிரி வளைந்து நின்றது.

"என்ன?"

அவளுக்குக் கிளாஸ் என்ற சொல் வரவில்லை.

களைப்பு என்று நினைத்தார்கள். அடுத்த நாள் கதிரை போயிற்று. அதற்கடுத்து உப்பு, கதவு, செவ்வாய்க்கிழமை. மறந்த மாதிரி இல்லை. மறந்தால் நுனிநாக்கில் நிற்கும், தேடினால் வரும். அவளுக்கு அந்த இடமே இல்லாமல் போனது. பல் பிடுங்கின குழியை நாக்கால் துழாவுகிற மாதிரி அவள் முகம் துழாவியது. இங்கிலிஷும் கூடவே போனது. வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் தலையைப் படம் பிடித்தார்கள். இரத்தக் கட்டு இல்லை, அடைப்பு இல்லை, மனஅழுத்தமாக இருக்கலாம் என்றார்கள். லக்சிகா வாயோடு பிறந்தவள். கறி நறுக்கினால் கத்தியோடு கதைப்பாள், பஸ் பிந்தினால் பஸ்ஸைத் திட்டுவாள். ஒவ்வொரு காலையும் அவன் வெளிக்கிடும்போது வாசலில் நின்று அதே வசனம்: "கவனமாய்ப் போட்டு வாங்கோ, முதுகைப் பாருங்கோ." அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, கவனமாய் என்று மட்டும் நின்று, பிறகு கையசைப்பாக முடிந்தது.

யாமினி ஓயாமல் பேசினாள்.

அவன் படத்தைப் போய்ப் பார்த்தான். வாயில் ஒரு கோடு இல்லை. இரண்டு கோடு. நடுவில் இருட்டு.

டேப்பை எடுத்து, கிழவி ஒட்டினதைவிடத் தடிப்பாக ஒட்டினான். போர்வையால் சுற்றிக் கராஜில் பலகைகளுக்குப் பின்னால் முகத்தைச் சுவருக்குக் கொடுத்து வைத்தான். அடுத்த நாள் போய்ப் பார்த்தபோது டேப் முழுவதும் நிலத்தில் கிடந்தது. கிழியவில்லை. சுருண்டு, நனைந்து, பசையெல்லாம் நக்கித் துடைத்தெடுத்த மாதிரிக் கிடந்தது. போர்வையின் நடுவில், வாய் இருந்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

அப்போதுதான் அவனுக்குப் பயம் வந்தது. மூட்டை தூக்குகிறவனுக்கு வரும் பயம். முதுகு தாங்காது என்று கால் முதலில் சொல்லும், தலைக்குப் பிறகுதான் தெரியும்.

மறுநாள் பின்னேரம் அவன் வீட்டுக்குள் நுழையும்போது லக்சிகாவின் குரல் கேட்டது. தெளிவான, முழுக் குரல். "வந்திட்டியளே? கைகாலைக் கழுவிப்போட்டு வாங்கோ, சாப்பாடு ஆறுது." கையிலிருந்த பையைப் போட்டுவிட்டு ஓடினான். லக்சிகா மேசையில் இருந்தாள். இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கண் மட்டும் அவனைப் பார்த்தது.

யாமினி கண்ணாடிக் கதவடியில் நின்றாள். "இஞ்சாருங்கோ," என்றாள் அவனைப் பார்த்து. தாயின் குரல். தாயின் இழுவை. "முதுகு நோகுதோ?"

அவன் பிள்ளைக்கு முன்னால் குந்தினான். அப்பா என்று சொல்லச் சொன்னான். கெஞ்சினான். அவள் தலையைச் சாய்த்து அவனைப் பார்த்தாள், கடைக்காரன் தன்னிடம் இல்லாத சாமானைக் கேட்பவனைப் பார்ப்பதுபோல. லக்சிகாவிடமிருந்து வந்த சொற்களில் அவனைக் கூப்பிட இஞ்சாருங்கோ மட்டும்தான் இருந்தது.

படத்தைத் தூக்கிக்கொண்டு பின்முற்றத்துக்குப் போனான்.

பொழுது விழுந்துகொண்டிருந்தது. வேலிக்கு அப்பால் ஃப்ரீவேயில் லாரிகள் சீரான இரைச்சலோடு வடக்கே போயின. பக்கத்து வீட்டில் யாரோ இறைச்சி வாட்டினார்கள், கொழுப்புக் கருகும் மணம் வேலி ஏறி வந்தது. இரும்புத் தொட்டியில் பழம்பலகையைப் போட்டு, படத்தை அதன்மேல் வைத்து, மூலையில் லைட்டரைப் பிடித்தான். தாள் பழுப்பேறியது. முள்ளுப்பூவைத் தீ தொட்டது.

கதவடியில் பேசிக்கொண்டிருந்த யாமினி பேச்சை நிறுத்தினாள்.

திரும்பிப் பார்த்தான். பிள்ளையின் வாய் அசைந்தது. சத்தம் இல்லை. கை தொண்டைக்குப் போனது. உதடு நீலம் பாரித்தது. கால் மடிந்தது. லக்சிகா வந்து தாங்கினாள், வாயைத் திறந்தாள், அலறினாள், அலறலில் ஒலி இல்லை. காற்று மட்டும்.

வெறுங்கையால் தீயை அடித்து அணைத்தான்.

பிள்ளைக்கு மூச்சு வந்தது. முதல் மூச்சிலேயே பேச்சும் வந்தது. விட்ட வசனத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

கை கொப்புளம் போட்டுக்கொண்டிருக்க அவன் பின்வாசல் படியிலேயே இருந்தான். கணக்கு அவனுக்கு விளங்கியது. லக்சிகாவின் சொற்கள் திரும்பி வரப்போவதில்லை. எரித்தால் பிள்ளையும் போய்விடும். இருக்கிறது ஒரு வாய். அவனுடையது. அதில் என்ன பெரிய செல்வம் இருந்தது? ஆலையில் ஏவல் கேட்ட சொற்கள், அகதியாய் வந்த கப்பலில் செபித்த சொற்கள், தடுப்பு முகாமில் அதிகாரிகளுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன அதே கதை. ஆனால் அதற்குள் ஒரு சொல் இருந்தது. அப்பா. தன்னுடைய தகப்பனை அவன் அடிவயிற்றிலிருந்து கூப்பிட்ட சொல். அதைக் கொடுத்தால் அவளிடம் வரும். அவள் கூப்பிடுவாள். பதில் சொல்ல வாய் இருக்காது. இல்லாவிட்டால் என்ன, கேட்கக் காது இருக்கும்.

படத்தைக் கூடத்துச் சுவரில் மாட்டினான். தேன் போத்தலை எடுத்தான். லக்சிகா அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கினாள். தலையை ஆட்டினாள். கையால் தன் வாயைக் காட்டினாள், அவன் வாயைக் காட்டினாள், அவன் நெஞ்சில் குத்தினாள். அவன் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான்.

தேனில் விரலைத் தோய்த்துப் படத்தின் வாயில் வைத்தான்.

தாள் சூடாக இருந்தது. உள்ளே பல் பட்டது.

விரலைத் தன் நாக்கில் தேய்த்தான். முதலில் இனிப்பு. பிறகு மை. பிறகு இரும்பு.

லக்சிகாவுக்கு நாட்கள் எடுத்தன. அவனுக்கு அவ்வளவு எடுக்கவில்லை. அவனிடம் சொற்கள் குறைவு. அன்று இரவே பலகை போயிற்று, பாரம் போயிற்று. அடுத்த நாள் மகேந்திரராஜா ஃபோன் எடுத்தார், என்னடா வேலைக்கு வரவில்லை என்று ஏசினார், பகிடி விட்டார், பிறகு சுஜீதா, சுஜீதா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவன் ஃபோனைக் காதில் வைத்தபடி மூச்சு விட்டான். கடைசியில் அவர்தான் வைத்தார். மாலைக்குள் லக்சிகாவின் பெயர் போயிற்று. அவள் எதிரே இருந்தாள். முகம் தெரிந்தது. பெயர் இருந்த இடத்தில் குழி.

ஒன்றை மட்டும் இறுகப் பிடித்து வைத்திருந்தான். ஓம் ராசாத்தி, சொல்லு. நாக்கை அசைக்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு, மனதுக்குள் அதைத் திரும்பத் திரும்பச் சுற்றினான். ஓம் ராசாத்தி, சொல்லு. ராசாத்தி, சொல்லு. சொல்லு.

வெளியே இருட்டியது. ஒருவரும் விளக்குப் போடவில்லை. காற்று வீட்டைப் பிடித்து அழுத்தியது. அவனும் அவளும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். அவளுடைய கை அவனுடைய எரிந்த கையின் மேல்.

யாமினி கூடத்தில் நின்றாள். பேச்சு நின்றிருந்தது. பேசத் தொடங்கிய பிறகு அவ்வளவு நேரம் அவள் பேசாமல் நின்றது அதுதான் முதல்முறை.

"அப்பா," என்றாள்.

அவனுடைய சொல். அவன் தகப்பனைக் கூப்பிட்ட அதே இழுவை.

அவன் எழுந்தான். கதிரை விழுந்தது. பிள்ளை அவனுக்கு முதுகைக் காட்டி நின்றாள். முகத்தை மேலே தூக்கி, சுவரைப் பார்த்துக்கொண்டு.

"அப்பா."

அவன் வாயைத் திறந்தான். காற்று.

சுவரில், கருகிய முள்ளுப்பூவுக்கு மேலே, மை ஈரமாக மின்னியது. கோடுகள் விலகின. அகலமாக விலகின. அரிசித் தவிட்டில் கரகரத்துப்போன, ட்ரக்கில் தனியே பழகிப் பழகிப் பார்த்த, அவனுடைய சொந்தக் குரல் அங்கிருந்து அன்போடு வந்தது.

"ஓம் ராசாத்தி. சொல்லு."